அநாதையை ஆக்கும் அறம்

மணிமேகலைக் காப்பியத்தில் சாத்தனார் ஆபுத்திரன் வரலாற்றை இரு பிறப்புகளாக விரித்துரைக்கிறார். முதற்பிறப்பில் அவன் தாயால் கைவிடப்பட்டவன். வாரணாசியிலிருந்து குமரி நோக்கி வந்த சாலி என்பாள், ஈன்ற குழவியை ஒரு தோட்டத்தில் விட்டுப் போனாள். ஏழு நாள் ஓர் ஆ பாலூட்டிக் காத்தது. அவ்வழி வந்த இளம்பூதி என்னும் அந்தணன் அக்குழவியை மகனாக ஏற்று வளர்த்தான். பின்னர், வேள்விக்கெனக் கட்டியிருந்த பசுவை ஆபுத்திரன் விடுவித்தபோது, சினந்தெழுந்தோர் அவன் பிறப்பை எடுத்துக் கூறி இழித்தனர். வளர்த்த தந்தையும் கைவிட்டான். மறுபிறப்பில் அவன் கடல்கடந்த சாவக நாட்டில், மக்கட்பேறு இல்லாத மன்னனுக்கு வளர்ப்பு மகனாகி அரியணை ஏறுகிறான். குறையென்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆயினும் தன் பிறப்பின் உண்மையை வளர்த்த தாயின் வாயிலாக அறிந்தபின், அவனுக்கு அரியணையில் இருப்புக் கொள்ளவில்லை. அமைச்சன் தடுத்தும் கேளாது கலமேறி, மணிபல்லவம் சேர்ந்து, மணலைத் தோண்டித் தன் பழைய உடம்பின் எலும்பைத் தானே காண்கிறான்.

ஒரு நாட்டையே கொடுத்தும் ‘நான் யார்?’ என்னும் வினாவை அடக்க முடியவில்லை என்பதே இக்கதை நமக்கு உணர்த்தும் உண்மை. அன்று சாவகத்து அரசன் செய்த பயணத்தை இன்று ஆயிரக்கணக்கானோர் செய்கின்றனர். அமெரிக்காவிலும் சுவீடனிலும் நெதர்லாந்திலும் வளர்ந்து, அந்நாட்டுப் பெயர்களைத் தாங்கி, அந்நாட்டு மொழியையே தாய்மொழியாகப் பேசும் அவர்கள், கையில் ஒரு பழுப்பேறிய கோப்புடன் சியோலிலும் கொழும்பிலும் சென்னையிலும் வந்து இறங்குகின்றனர். ஆபுத்திரனுக்காவது தோண்டிய இடத்தில் எலும்பு கிடைத்தது. இவர்களுள் பலருக்குத் தோண்டிய இடத்தில் கிடைப்பது ஒரு பொய்.

அப்பொய் யாது, அதை எழுதியவர் யாவர், அதில் நம் போன்ற நல்லெண்ணம் கொண்டோரின் பங்கு என்ன என்பவற்றை இம்மலரின் வாயிலாகச் சற்றே கடுமையாக உரைக்க விழைகிறோம். கடுமை நம்மை நோக்கியதே ஆகலின் அன்பர்கள் பொறுத்தருள்க.

எதிர்வாதம்

அயல்நாட்டுத் தத்தைப் போற்றுவோர் கூறும் வாதம் மிக எளியது, எளியதாகலின் வலியது. “பெற்றோரை இழந்த ஒரு குழந்தை ஏழை நாட்டில் பசியோடு கிடக்கிறது. செல்வ நாட்டில் பிள்ளையில்லாத தம்பதியர் கையை நீட்டி நிற்கின்றனர். இருவரையும் சேர்த்து வைப்பதைவிடப் பெரிய அறம் உண்டோ? எல்லைக் கோடும் தோலின் நிறமும் தாயன்புக்குத் தடையாகலாமோ?” என்று அவர்கள் கேட்கின்றனர்.

இவ்வாதத்தின் முதல் தொடர் உண்மையாக இருக்குமிடத்து, எஞ்சியவற்றோடு நமக்கு வழக்கில்லை. பெற்ற வயிற்றுக்கும் வளர்த்த கைக்கும் வேற்றுமை காணும் மூடத்தனம் நம்மிடம் இல்லை. வெள்ளைத் தோலுடைய அன்னை கறுப்புத் தோலுடைய மகளை நெஞ்சார வளர்த்த வீடுகள் ஆயிரமாயிரம் என்பதை அறிவோம். நம் வழக்கெல்லாம் அந்த முதல் தொடரோடுதான். “பெற்றோரை இழந்த குழந்தை” என்கிறார்களே, யார் அக்குழந்தை? அதன் பெற்றோர் இறந்தனர் என்று யார் சொன்னது?

சொல் செய்யும் சூழ்ச்சி

அநாதை என்பது வடசொல். நாதன் இல்லாதவர், அதாவது காக்கும் ஆள் இல்லாதவர் என்பது பொருள். அண்மைக் காலத்தில் நாம் அச்சொல்லை விலக்கி ‘ஆதரவற்றோர்’ என்று எழுதப் பழகிவிட்டோம். இது நாகரிகம் கருதிச் செய்த மாற்றம் என்றே பலரும் நினைக்கின்றனர். ஆனால் இவ்விரு சொற்களுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. அநாதைக்கு ஆள் இல்லை. ஆதரவற்றவருக்கு ஆள் இருக்கக்கூடும், ஆதரவுதான் இல்லை. முன்னவருக்குத் தேவை ஒரு தாய். பின்னவருக்குத் தேவை, இருக்கின்ற தாய்க்கு ஒரு வேலை, ஒரு வாடகை வீடு, ஒரு மருந்துச் சீட்டு, மாதம் ஒரு மூட்டை அரிசி. நோய் வேறு, மருந்து வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மருத்துவன் நோயாளியைக் கொல்வான்.

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெப், தாய் தந்தையருள் ஒருவரை இழந்தாலும் அக்குழந்தையை அநாதைக் கணக்கில் சேர்க்கிறது. அவ்வாறு 2015-ஆம் ஆண்டில் உலகில் இருந்தோர் சுமார் 14 கோடி. மேடைகளில் முழங்கப்படுவது இவ்வெண். இருவரையும் இழந்தோர் அவர்களுள் சுமார் 1 கோடியே 51 லட்சம் மட்டுமே என்பது அதே நிதியத்தின் கணக்கு. அது மேடை ஏறுவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு உள்ளனர் என்பதே இதன் பொருள். இருவரையும் இழந்தோரிலும் பெரும்பாலோர் பாட்டியின் மடியிலோ மாமன் வீட்டுத் திண்ணையிலோ அண்ணன் தோளிலோ வளர்கின்றனர். நம் சிற்றூர்களை அறிந்தவர்க்கு இதைச் சான்று காட்டி நிறுவ வேண்டியதில்லை.

பிறகு ஏன் அயல்நாட்டுத் தத்தின் கோப்புகளில் தாய்தந்தையர் இல்லாதாராகவே குழந்தைகள் காணப்படுகின்றனர்? கொரிய நாட்டு வரலாறு இதற்கு விடை சொல்லும்.

கொரியா கற்பித்த பாடம்

1950 முதல் 1953 வரை நடந்த போர் கொரியத் தீபகற்பத்தைச் சுடுகாடாக்கியது. போருக்குப்பின் தென்கொரிய அரசு, அமெரிக்கப் படைவீரர்க்கும் கொரியப் பெண்டிர்க்கும் பிறந்த குழந்தைகளை நாட்டைவிட்டு அனுப்ப முனைந்தது. 1955-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹோல்ட் தம்பதியர் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தனர். அவர்கள் பெயரால் பெரியதொரு முகமையும் எழுந்தது. தொடக்கத்தில் இதில் இரக்கம் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

போரால் அநாதையான குழந்தைகளுக்காக ஏற்பட்ட ஏற்பாடு எனின், போரின் வடு ஆற ஆற அதுவும் குறைந்திருக்க வேண்டும். குறைந்ததா? அனுப்பப்பட்டோரின் எண்ணிக்கை உச்சம் தொட்டது 1985-இல். அவ்வோராண்டில் மட்டும் 8,800-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சென்றனர். போர் முடிந்து அப்போது 32 ஆண்டுகள். கப்பல் கட்டி விற்கும் நாடாக, ஒலிம்பிக் விழாவுக்கு ஆயத்தமாகும் நாடாகக் கொரியா உயர்ந்துவிட்ட காலம் அது. எந்தப் போர் அக்குழந்தைகளின் பெற்றோரைக் கொன்றது? எந்தப் போரும் இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் மணமாகாத தாய்மாரின் மக்கள். ஊர் பழித்தது, வீடு கதவடைத்தது, அரசு ஆதரவு நல்கவில்லை. குழந்தையைக் கொடுத்துவிடு என்று சொல்ல மட்டும் ஆள் இருந்தது.

தாள் செய்த வேலையை இங்கு நோக்குக. அயல்நாட்டுக் குழந்தை தத்தாக உள்ளே வருவதற்கு அது ‘அநாதை’ என்னும் வரையறைக்குள் அடங்க வேண்டும் என்றது அமெரிக்கக் குடிவரவுச் சட்டம். கொரியாவிலோ ஒவ்வொருவர் பெயரும் குடும்பப் பதிவேட்டில் தாய்தந்தையரோடு எழுதப்படும். ஆகவே அநாதைகளுக்கென்று தனிப் பதிவேடு எழுதினர். அதில் அக்குழந்தையே தனியொரு குடும்பத்தின் தலைவர். தந்தை பெயருக்கு உரிய இடம் வெறுமை. தாய் பெயருக்கு உரிய இடமும் வெறுமை. பிரசவ வலியோடு தாய் மருத்துவமனையில் படுத்திருக்க, எழுதுகோலின் ஒரு கீறலில் அவள் இறந்துபோனாள். ‘தெருவில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை’ என்னும் ஒரே தொடர் ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஏறியது. செல்லவிருந்த ஒரு குழந்தை இறந்தாலோ உறவினரால் மீட்கப்பட்டாலோ, அதன் பெயரிலும் எண்ணிலும் வேறொரு குழந்தையை அனுப்பியதும் உண்டு.

இவ்வாறு சென்றோர் ஏறத்தாழ 2 லட்சம் பேர் என்பர். அவர்கள் வளர்ந்தனர், திரும்பி வந்தனர், கோப்பைக் கேட்டனர். பல்லாண்டு போராடினர். 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், ஆவணங்கள் பொய்யாக எழுதப்பட்டதையும் அடையாளங்கள் மாற்றப்பட்டதையும், அவற்றைத் தடுக்கத் தவறிய அரசின் பொறுப்பையும் வெளிப்படையாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் லீ ஜே மியங் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்தது, காலம் கடந்து வந்தது. மகனைத் தேடியே மூத்து இறந்துபோன தாய்க்கு அதை யார் போய்ச் சொல்வது?

நமக்கு அயலதன்று

கொரியக் கதை எங்கோ நடந்தது என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. இலங்கையிலிருந்து, பெரிதும் 1980-களில், ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்தாகச் சென்றனர். அவ்வாறு சென்றோரும் பின்னாளில் வந்து தேடினர். கோப்பில் தாயென்று குறிக்கப்பட்ட பெண்ணைக் கண்டு மரபணுச் சோதனை செய்தபோது, அவள் தாயல்லள் என்று தெரிந்த நிகழ்ச்சிகள் பல. தாய்போல நடிக்கப் பெண்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தனர். குழந்தை பெறுவதற்கென்றே பெண்டிரை வைத்திருந்த ‘குழந்தைப் பண்ணைகள்’ இருந்ததை 2017-இல் இலங்கை அமைச்சர் ஒருவரே நெதர்லாந்துத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். நெதர்லாந்து அரசு அமைத்த விசாரணைக் குழு 2021 பிப்ரவரியில் தந்த அறிக்கை, முறைகேடுகளை 1960-களின் இறுதி முதலே அரசு அறிந்திருந்தும் தக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்று கூறியது. 2024-இல் அந்நாடு அயல்நாட்டுத் தத்தைப் படிப்படியாக நிறுத்துவதென்று முடிவு செய்தது. 1,60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளை வெளியே அனுப்பிய சீனாவும் அதே ஆண்டில் கதவை மூடியது.

நம் சென்னை மாநகரும் தப்பவில்லை. குடிசைப் பகுதிகளிலிருந்து காணாமற்போன குழந்தைகள் சிலர், பொய்ப் பெயரும் பொய்த் தாயும் எழுதிய தாள்களோடு ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் தத்தாக அனுப்பப்பட்ட கொடுமை 2005-இல் வெளிவந்தது. தெருவில் உறங்கிய குழந்தை காலையில் இல்லை. தாய் காவல் நிலையத்தின் படியில் அமர்ந்து அழுதாள். கடலுக்கு அப்பால் ஒரு நல்ல பெண்மணி, கடவுள் தந்த கொடை என்று அக்குழந்தையை அணைத்துக்கொண்டாள். இருவரும் குற்றமற்றவர். இருவர் கண்ணீரும் உண்மை. இடையில் நின்று பணம் எண்ணியவன்தான் பொய்யன். அவனுக்கு அப்பணத்தைத் தந்தது அவன் தீமையன்று. நம் உலகத்தின் நல்லெண்ணம்.

பேரிடர்க் காலத்தில் இந்நல்லெண்ணம் வெறியாகவே மாறுகிறது. 2007 அக்டோபரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்று, சூடானின் டார்பூர்ப் போரில் அநாதையானோர் என்று கூறி, சாடு நாட்டிலிருந்து 103 குழந்தைகளை விமானமேற்ற முயன்று பிடிபட்டது. விசாரித்தால் பெரும்பாலோர் டார்பூரினரும் அல்லர், அநாதைகளும் அல்லர். பள்ளியில் சேர்ப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடமிருந்து வாங்கிய பிள்ளைகள். 2010 ஜனவரியில் ஹெய்ட்டித் தீவில் நிலம் நடுங்கியபின், அமெரிக்கர் பத்துப் பேர் 33 குழந்தைகளை எல்லை கடத்த முயன்று கைதாயினர். அங்கும் அதே கதை. பெரும்பாலோர்க்குப் பெற்றோர் இருந்தனர். மாறாக, 2004 டிசம்பர் 26-இல் நம் நாகப்பட்டினத்தைச் சூறையாடிய அதே ஆழிப்பேரலை ஆச்சே மாநிலத்தை அழித்தபோது இந்தோனேசிய அரசு என்ன செய்தது? பெற்றோர் உடன் வராமல் 16 வயதுக்குட்பட்ட ஆச்சே குழந்தை எதுவும் மாநிலத்தை விட்டு வெளியேறலாகாது என்று தடுத்தது. அன்று அதை மனிதநேயமற்ற செயல் என்றோர் உண்டு. உறவினர் தேடி வரும்வரை குழந்தையை அதன் மண்ணிலேயே நிறுத்தி வைப்பதன்றோ மனிதநேயம்?

தில்லியில் பிறந்த தீர்ப்பு

இவ்விடத்தில் நம் நாட்டின் பெருமையைக் குறிப்பிடாமல் விடுதல் முறையன்று. அக்காலத்தில் இந்தியக் குழந்தையை அயல்நாட்டார் தத்தெடுக்கத் தனிச் சட்டம் இல்லை. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி குழந்தைக்குக் காப்பாளராகி, நாட்டைவிட்டுக் கொண்டுபோய், அங்கே தத்தெடுத்தனர். இதில் நிகழும் கேடுகளைச் சுட்டி வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே என்பார் 1982-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மடல் எழுதினார். அம்மடலையே மனுவாக ஏற்று, 1984 பிப்ரவரி 6-இல் நீதியரசர் பி. என். பகவதி வழங்கிய தீர்ப்பு உலக அரங்கிலேயே முன்னோடியானது. குழந்தைக்கு முதலுரிமை பெற்றோரின் இல்லம். அது இயலாதபோது இந்தியக் குடும்பம். அதுவும் இயலாதபோதே கடல்கடந்த குடும்பம் என்னும் வரிசையை அது வகுத்தது. மகப்பேற்றுக்கு முன்னரோ, பிறந்த சூட்டிலோ தாயிடம் ஒப்புதல் வாங்கலாகாது என்றது. குழந்தை விலைப்பொருள் ஆகாதபடி செலவுக்கு வரம்பு கட்டியது. 1990-இல் நடுவண் தத்து அமைப்பு தோன்றியதும், 1993-இல் உருவான ஹேக் உடன்படிக்கையை 2003-இல் இந்தியா ஏற்றதும் இத்தீர்ப்பைப் பின்தொடர்ந்தவை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறித் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் தருகிறது.

ஆனால் அவ்வவகாசத்தின் பொருள் என்ன? பசி காரணமாகக் குழந்தையை ஒப்படைத்தவள் இரண்டு மாதம் கழித்து வருவதாயின், அதற்குள் அவள் பசி தீர்ந்திருக்க வேண்டும். தீர்த்தவர் யார்? சட்டம் கதவைத் திறந்து வைக்கிறது. கதவுக்கு வெளியே நிற்கும் வறுமையைச் சட்டம் மட்டும் விரட்டாது. சட்டம் முடியுமிடத்தில் ஊராரின் கடமை தொடங்குகிறது. அவ்விடத்தில்தான் நாம் தவறுகிறோம்.

நம் விருந்தும் நம் புகைப்படமும்

நம் சங்கத்து அன்பர்களுள் பிறந்தநாளிலும் மணநாளிலும் நீத்தார் நினைவு நாளிலும் ஏதேனும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு உணவளிக்காதார் சிலரே. வசதியுள்ளோர் கடல்கடந்த இல்லங்களுக்கும், போர் தின்ற நாடுகளின் இல்லங்களுக்கும் பணம் அனுப்புகின்றனர். இலையிட்டுச் சோறும் பாயசமும் பரிமாறுகிறோம். குழந்தைகள் கைகூப்பிப் பாடுகின்றனர். நாம் நடுவில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். கண் கசிய வீடு திரும்புகிறோம். நாம் ஒருநாளேனும், “இக்குழந்தையின் தாய் எங்கே?” என்று கேட்டதுண்டா?

கேட்டவர்கள் கண்டதைச் சொல்கிறோம். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. போர் முடிந்து ஆண்டுகள் பல. அநாதைகளின் தொகையோ குறைந்துகொண்டிருந்தது. பெருகியது எது? சுற்றுலாவினர் வருகையும் அவர்களின் நன்கொடையும். அவ்வில்லங்களில் இருந்தோருள் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இருந்தனர். இல்லம் கட்டினால் பணம் வரும். பணம் வரக் குழந்தை வேண்டும். குழந்தை வேண்டுமெனின் ஏழைத் தாயிடம், “படிக்க வைக்கிறோம், கொடு” என்றால் போதும். குளம் வெட்டினால் தவளை வரும் என்பது போல, இல்லம் கட்டினால் அநாதை வருகிறான். இவ்வாறு இல்லங்களுக்குக் குழந்தை சேர்ப்பதையும் மனித வணிகத்தின் ஒரு வடிவமாகக் கண்டு, 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் இயற்றியபோது ஆஸ்திரேலியா கருத்தில் கொண்டது.

“படிப்பும் சோறும் கிடைக்கின்றனவே, கேடு என்ன?” என்பார்க்கு ருமேனியா விடை கூறும். செளஷெஸ்கு என்னும் கொடுங்கோலன் 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்து, மக்கள் தொகையைப் பெருக்க முனைந்தான். 1989-இல் அவன் வீழ்ந்தபோது அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடைபட்டிருந்ததை உலகம் கண்டது. அவர்களுள்ளும் பெரும்பாலோர் அநாதைகள் அல்லர்; வறுமையால் விடப்பட்டவர். பின்னர் புக்கரெஸ்ட் நகரில் அறிஞர்கள் 136 இளங்குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். மறு பாதியினர்க்கு வழக்கமான இல்லக் கவனிப்பே தொடர்ந்தது. குடும்பத்தில் சேர்ந்தோர் அறிவிலும் பேச்சிலும் பிறரோடு ஒட்டும் பண்பிலும் முன்னேறினர்; அதிலும் இரண்டு வயதுக்குள் சேர்ந்தோர் மிகுதியும் தேறினர். சோறு உடம்பை வளர்க்கும். தன் அழுகைக்கென்றே எழுந்து வரும் ஒருவர் இருந்தால்தான் மூளை வளரும். முப்பது தொட்டிலுக்கு ஒரு தாதி எழுந்து வருவது எங்ஙனம்?

நமக்கு எதிராகச் சொல்லத்தக்கவை

இங்கே ஒரு நேரிய மறுப்பு எழும். “புக்கரெஸ்ட் ஆய்வே குடும்பம்தான் வேண்டும் என்கிறதே! உள்நாட்டில் எவரும் ஏற்காத குழந்தை, நடக்க இயலாத குழந்தை, இதயத்தில் ஓட்டையுள்ள குழந்தை, எட்டு வயது கடந்த குழந்தை இல்லத்திலேயே கிடந்து வாட வேண்டுமா? கொள்கைக்காக அக்குழந்தையைப் பலியிடுகிறீர்களா?” என்று கேட்பர்.

இம்மறுப்பை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். வெளிறிய நிறமும் நோயற்ற உடலும் உள்ள கைக்குழந்தைதான் வேண்டும் என்று வரிசையில் நிற்கும் நம்மவர், குறையுடைய குழந்தையைக் கண்டால் முகம் திருப்புகின்றனர். அக்குழந்தையை அயல்நாட்டுத் தம்பதியர் மகிழ்ந்து ஏற்கும்போது நாம் நாணித் தலைகுனிய வேண்டுமே தவிர, தேசப் பெருமை பேசலாகாது. உண்மையில் யாருமில்லாத குழந்தைக்கு, வேறு வழியெல்லாம் அடைபட்ட பின், கடல்கடந்த வீடும் வீடே. முழுத்தடை கேட்பாரோடு நாம் நிற்கவில்லை. கடைசி வழியை முதல் வழியாக்காதீர் என்பதே நம் வேண்டுகோள். அவ்வழி செல்லும் குழந்தையின் கோப்பில் ஒரு பொய்யும் ஏறலாகாது. ஆபுத்திரன் தன் பிறப்பைத் தேடிச் சென்றதுபோல் அக்குழந்தையும் ஒருநாள் வரும். அன்று அதன் கையில் கொடுக்க உண்மையான தாள் இருக்க வேண்டும்.

கபிலரை நினைவு கூர்வோம். பாரி மாண்டபின் அவன் மகளிர் இருவரையும் உடனழைத்துக்கொண்டு அவர் மன்னர் வாயில்தோறும் சென்றார். புறநானூறு காட்டும் அக்காட்சியில், அப்பெண்களின் தந்தையின் பெயரையும் அவன் மலையையும் கொடையையும் சொல்லியே அறிமுகம் செய்கிறார். புதிய வீடு தேடுவதற்காகப் பழைய பெயரை அழிக்க வேண்டும் என்று அவர் கருதவில்லை. காப்பவன் கடமை அதுதான்.

செய்யத்தக்கது

மறுத்துக்கொண்டே இருத்தல் எளிது, செய்யத்தக்கது யாது? 1994-இல் ருவாண்டா நாட்டில் நடந்த இனப்படுகொலை, பல்லாயிரம் குழந்தைகளை உண்மையிலேயே அநாதைகளாக்கியது. தொடக்கத்தில் அங்கும் இல்லங்கள் பெருகின. ஆனால் 2012 முதல் அவ்வரசு இல்லங்களை ஒவ்வொன்றாக மூடிக் குழந்தைகளை உறவினரிடமும் வளர்ப்புக் குடும்பங்களிடமும் சேர்க்கும் பணியை மேற்கொண்டது. அத்துணைப் பெருந்துயர் கண்ட ஏழை நாடே அவ்வழியைத் தேர்ந்ததெனில், பிறர்க்கு என்ன தடை?

நம் நாட்டிலும் நடுவண் அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம், கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயிடமும் உறவினரிடமும் வளரும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவ வகை செய்கிறது. நகரத்தில் ஓர் இல்லத்துக்கு நாம் அளிக்கும் ஒருவேளை விருந்தின் செலவு, பெரும்பாலும் இதனினும் மிகுதி. அத்தொகை ஒரு குழந்தையை ஒரு மாதம் தன் தாயோடு வைத்திருக்கும். தகுதியிருந்தும் இத்திட்டத்தை அறியாத தாய்மார் நம் வீடுகளில் பாத்திரம் துலக்குகின்றனர். அவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தந்து, மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு உடன் சென்று வருதல் ஒரு சங்கத்துக்கு அரிய செயலா?

ஆகவே நம் சங்கத்தார் முன் மூன்று வினாக்களை வைக்கிறோம். உள்நாடாயினும் அயல்நாடாயினும், ஓர் இல்லத்துக்குப் பணம் தருமுன் இவற்றைக் கேட்போம். இங்குள்ள குழந்தைகளுள் தாயோ தந்தையோ உள்ளவர் எத்தனை பேர்? சென்ற ஆண்டில் வீடு திரும்பியவர் எத்தனை பேர்? நாம் தரும் பணத்தில் தாயின் கைக்குச் செல்வது எவ்வளவு? விடை சொல்பவர்க்குத் தருவோம். முகம் சுளிப்பவர்க்கு வணக்கம் சொல்லித் திரும்புவோம். நம் புகைப்பட ஆசையைத் துறப்போம். தன் வீட்டில் தன் தாயிடம் உண்ணும் குழந்தையை நாம் படமெடுக்க முடியாது. அறத்துக்குச் சாட்சி தேவையில்லை.

ஆபுத்திரன் மதுரையில் ஐயமேற்ற ஓட்டோடு நின்றபோது, அவன் அழைத்து உண்பித்தோருள் பேணுவதற்கு ஆளில்லாதவரும் இருந்தனர் என்கிறார் சாத்தனார். கைவிடப்பட்டவனே கைவிடப்பட்டோர் பசியை முதலில் அறிந்தான். அவன் கைக்கு அமுதசுரபி பின்னர் வந்தது. நம் கைக்கு அத்தகைய பாத்திரம் வரப்போவதில்லை. வந்தாலும், அதிலிருந்து அள்ளும் முதற்பிடி குழந்தையின் தாய்க்கு உரியது. அவள் உண்டால் அக்குழந்தை அநாதை ஆகாது.